சூட்டிலே நாற்பது கிலோ

கந்தளாய்க்கு ஓர் ஆய்வுகூடம் வேண்டும் என்று இனி யாரும் மகஜர் எழுத வேண்டாம். ஊரே ஆய்வுகூடம்தான். சூடு இருக்கிறது. பாரம் இருக்கிறது, அதை அரசாங்கம் தவறாமல் அனுப்பி வைக்கிறது. காலமோ கொள்ளை கொள்ளையாகக் கிடக்கிறது. சீனித் தொழிற்சாலையின் கதவு சாத்தப்பட்ட நாளிலிருந்து சேர்த்து வைத்தது. இந்த மூன்றும் ஓரிடத்தில் வாய்த்துவிட்டால் எந்தப் பொருள் எப்படி வளையும் என்று கண்டுபிடித்துவிடலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதற்கென்று மின்னுலை வாங்கி, கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்துக் கஷ்டப்படுகின்றன. எங்களுக்கு அது வீடு தேடி வருகிறது.

நான் சொல்வது உலைச் செங்கல்லுக்குச் செய்யும் சோதனையை. உலைக்குள் அடுக்கும் வெப்பம் தாங்கும் கல்லிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் விட்டமும் அதே உயரமும் உள்ள ஓர் உருளையை வெட்டி எடுப்பார்கள். முதலில் அதைக் குளிர்ந்த நிலையிலேயே நசுக்கிப் பார்ப்பார்கள். சாதாரணக் களிமண் உலைக்கல்கூட அப்போது நான்கு தொன் பாரத்தைத் தலையில் வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். பார்ப்பவர்களுக்குக் கல்மேல் மரியாதை வரும். பிறகு அதே அளவான இன்னொரு உருளையை உலைக்குள் வைத்து, சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டு கிலோ வீதம் பாரம் ஏற்றுவார்கள். மொத்தம் ஏறத்தாழ நாற்பது கிலோ, ஒரு மூட்டை அரிசியிலும் குறைவு. அப்படியே நிமிடத்துக்கு ஐந்து பாகை வீதம் சூட்டைக் கூட்டிக்கொண்டு போவார்கள். 1,300, 1,400 பாகை செல்சியஸ் வந்ததும் கல் குனியத் தொடங்கும். தலையில் பாரம் இல்லாவிட்டால் அதே கல் 1,700 பாகை அளவு வரை ஏதோ ஒரு வடிவில் நின்றிருக்கும்.

நான்கு தொன்னைத் தாங்கின கல்லை நாற்பது கிலோ குனிய வைக்கிறது. கல் மாறவில்லை, இடம்தான் மாறியது.

ஆகவேதான் உலை கட்டுகிற எந்த மேசனும் குளிர் நிலைப் பரிசோதனைச் சான்றிதழை மட்டும் பார்த்துக் கல் வாங்க மாட்டான். அப்படி வாங்குகிற கூட்டம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வாக்காளர்களாகிய நாங்கள். மாலை நேரம், மேடை, மின்விசிறி, கழுத்தில் பூமாலை, பக்கத்தில் சோடாப் போத்தல். இந்தக் குளிர்ச்சியில் வேட்பாளர் எந்தப் பாரத்தையும் தாங்குவார். சீனித் தொழிற்சாலையைத் திறப்பார், நெல்லுக்கு விலை தருவார், வேலையில்லாப் பட்டதாரிகளை எல்லாம் தோளில் ஏற்றிக்கொள்வார். நாங்களும் கைதட்டிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்து அனுப்பி வைப்போம். 2022இல்தான் இந்த நாடு தன்னுடைய உயர்தரக் கற்களைத் தற்செயலாகச் சூட்டிலே சோதித்துப் பார்த்தது. மே 9ஆம் திகதி பிரதமர் பதவி விலகினார். மறுநாள் குடும்பத்தோடு எங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் வந்து தஞ்சம் புகுந்திருந்தார். யுத்தத்தை வென்ற கல் என்று பதின்மூன்று வருடம் சுவரொட்டியில் பார்த்தது. வாசலில் கொஞ்சம் சனம் கூடினதும் உலையை விட்டே ஓடிவிட்டது. அதுவும் ஓடி வந்த இடம் திருகோணமலை. வடகிழக்கு எப்போதுமே ஒரு தஞ்சக் கோடிதான். இம்முறை ஆள் மட்டும் வேறு.

கந்தளாயில் உலை பார்க்க வேண்டும் என்றால் நெல் அவிக்கிற ஆலைக்குப் போகலாம். குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல், அதன் உமியையே எரித்து அதையே அவிக்கிறார்கள். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கொஞ்சம் பொற்றாசியமும் உண்டு. அந்தக் கொஞ்சம்தான் விஷமம் செய்யும். அது சிலிக்காவோடு கூடினால் தாழ்ந்த சூட்டிலேயே உருகும் கண்ணாடி ஆகிறது. உலைச் சுவரில் பளபளவென்று படிந்து, கல்லின் துவாரங்களுக்குள் இறங்கி, காலப்போக்கில் அதைத் தின்கிறது.

கல்லுக்குள்ளும் இதே கண்ணாடி முன்னமே இருக்கிறது. வெளியே முழுக் கட்டியாகத் தெரிகிற செங்கல், உள்ளே பொடிப் பொடி மணிகளின் கூட்டு. மணிக்கும் மணிக்கும் இடையில் மெல்லிய கண்ணாடிப் படலம்: களிமண்ணோடு வந்த பொற்றாசியம், சோடியம், இரும்பு எல்லாம் சுடும்போது சேர்ந்து உண்டாக்கியது. குளிரில் மணிகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை இதுதான். சூட்டில் முதலில் இளகுவதும் இதுதான். மணிகள் உருகுவதில்லை. அவை கெட்டியாகவே இருந்துகொண்டு, ஒன்றை ஒன்று உரசி வழுக்குகின்றன. கண்ணாடியே இல்லாத தூய அலுமினாவாக இருந்தாலும் தப்பமுடியாது. மணிகளின் எல்லை வழியே அணுக்கள் ஊர்ந்து ஊர்ந்து பாரத்துக்கு இடம் கொடுக்கும். அந்த ஊர்தலுக்கு அமெரிக்கரான ரொபேட் கோபிள் 1963இல் ஒரு கணக்குச் சொன்னார். மணியின் அளவைப் பாதியாக்கினால் பொருள் வளைகிற வேகம் எட்டு மடங்காகும். மணி சிறுக்கச் சிறுக்க எல்லை பெருகும். எல்லை பெருகப் பெருகச் சூட்டில் வளைப்பது சுலபம்.

கோபிளுக்கு ஏழு வருடம் முந்தியே எங்கள் தலைவர்கள் இந்தக் கணக்கில் தேறிவிட்டார்கள். 1956இல் மொழிச் சட்டம் ஒன்றால் ஒரு பெரிய கட்டியை ஒரே தட்டில் உடைத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அரைக்கிற வேலை நிற்கவே இல்லை. கந்தளாயை எடுங்கள். சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்பது கண்ணுக்குத் தெரிகிற பெருமணி. அதைவிடச் சின்னதாக அரைத்தால்: குடியேற்றத் திட்டத்தில் வந்தவர், முன்னமே இருந்தவர், வாய்க்கால் தலைப்பில் வயல் வைத்திருப்பவர், கடைக்கோடியில் வைத்திருப்பவர், அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் பெயர் உள்ளவர், பெயர் விட்டுப்போனவர். உரத்துக்கு நிற்கிற வரிசையில் யார் எந்த ஆள் என்று பார்க்கத் தெரிந்த எவருக்கும், உரம் ஏன் இல்லை என்று கேட்க நேரம் கிடைப்பதில்லை. மேலே பாரம் வைத்தவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? அவன் அழுத்தவே தேவையில்லை. எல்லையில் நாங்களே வழுக்கிக்கொள்கிறோம்.

உலைச் சுவர் பற்றி இன்னொரு விஷயம் உண்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. உலை எரியும்போது சுவரின் உட்பக்கம் தீயைப் பார்க்கும், வெளிப்பக்கம் காற்றைப் பார்க்கும். உள்முகம் இளகினாலும் சுவர் விழாமல் நிற்பது, குளிர்ந்திருக்கிற பின்பக்கம் பாரத்தை வாங்கிக்கொள்வதால். இளகினவன்மேல் சுமையை விடாமல் குளிர்ச்சியில் இருக்கிறவன் தூக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சாதாரணச் செங்கல் சுவருக்குத் தெரிந்த பொருளாதாரக் கொள்கை இது. எரிபொருளை மிச்சம் பிடிக்கிறேன் என்று வெளிப்பக்கத்தைக் கனமாகப் போர்த்திவிட்டால் சுவர் முழுத் தடிப்புக்கும் சூடேறி, தாங்க ஆளில்லாமல் சரியும். உலை கட்டுகிறவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். எங்கள் நாட்டிலோ குளிர் பக்கம் கொழும்பில் குளிரூட்டின அறைகளில் இருக்கிறது. அது பாரத்தை வாங்குவதில்லை, அனுப்பி வைக்கிறது. தீயைப் பார்க்கிற முகத்துக்கே தீயும், சுமையும், சுமந்ததற்கான வரியும்.

இதை வெறும் வாய்ச்சவடால் என்று நினைப்பவர்களுக்குச் சீனியின் கதை போதும். கந்தளாயில் கரும்பு நட்டு, செக்கோஸ்லொவாக்கிய உதவியோடு 1960 அளவில் சீனித் தொழிற்சாலை வந்தது. கரும்பைப் பிழிந்த சக்கையையே எரித்துக் கொதிகலனை ஓட்டுகிற ஆலை. தொழிலாளர் குடியிருப்பு, தோட்டம், சம்பள நாளில் நிறைகிற கடைத்தெரு. யுத்தமும் நட்டக் கணக்கும் தனியாருக்குக் கொடுக்கும் காய்ச்சலும் ஒன்றாகச் சேர்ந்த 1990களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. அன்றிலிருந்து அது திறக்கப்படாத தேர்தலே கிடையாது. ஒவ்வொரு மேடையிலும் திறந்தார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர் வந்தார், ஒப்பந்தம் வந்தது, ஒப்பந்தத்துக்குப் பின்னால் வழக்கு வந்தது. சீனி மட்டும் வரவில்லை.

சீனி எங்கிருந்து வந்தது என்றால், கப்பலில். 2020 ஒக்ரோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறக்கப்பட்டது. இருநூறில் ஒரு பங்கு. கடையில் சீனி வாங்கினவர்களுக்கு அந்த இனிப்பு வந்து சேரவில்லை. அரசாங்கத்துக்கு இல்லாமல் போனது ஏறத்தாழ 1,600 கோடி ரூபா என்று பாராளுமன்றத்திலேயே கணக்குச் சொன்னார்கள். ஒரு பொருளின் தலையிலிருந்து சுமையை எடுப்பது எப்படி என்று எங்கள் அரசாங்கத்துக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். நன்றாகத் தெரியும். ஒரே இரவில், ஒரே வர்த்தமானியில், இருநூறு மடங்கு எடுக்கத் தெரியும். எடுக்க வேண்டிய தலை இறக்குமதியாளருடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கந்தளாய்க் கரும்புக்காரனின் தலையில் இருந்தது அப்படியே இருந்தது. துருப்பிடித்த ஆலையின் நிழலில் நின்று, அவன் பிரேசில் சீனி போட்டுத் தேநீர் குடித்தான்.

பாரத்தைக் கூட்டாமல், சூட்டையும் மாற்றாமல், அப்படியே விட்டு நாட்கணக்கில் பார்ப்பது உலைக்கல்லுக்குச் செய்யும் இன்னொரு சோதனை. இதில் கல் மூன்று கட்டமாக வளைகிறது. முதலில் சட்டென்று கொஞ்சம் குனிந்து, பிறகு சமாளித்துக்கொண்டு வேகம் குறையும். அடுத்தது நீண்ட நடுக்காலம்: மணிக்கு மணி ஒரே அளவு, சத்தமில்லை, வெடிப்பில்லை, பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. கடைசியில் மணிகளின் எல்லைகளில் சின்னச் சின்ன வெற்றிடங்கள் தோன்றி, ஒன்றோடொன்று கைகோத்து, வளைவு திடீரென்று வேகம் பிடிக்கும். ஆய்வுகூடத்தில் இதற்கு 50 மணி, 100 மணி நேரம் கொடுப்பார்கள். கந்தளாய்க்கு முப்பது ஆண்டுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். ஆலை மூடின புதிதில் எல்லோரும் கொஞ்சம் குனிந்தார்கள், நகை அடைவு வைத்தார்கள், அடுத்த மாதம் திறக்கும் என்று சமாளித்தார்கள். பிறகு அந்த நடுக்காலம். ஒரு தலைமுறை முழுவதும் அதற்குள் போய்விட்டது. சத்தம் வராததால் கொழும்பில் இருப்பவர்கள் அதற்கு அமைதி என்று பெயர் வைத்தார்கள். இப்போது வெற்றிடங்கள் வருகின்றன: பூட்டின வீடு, அம்மம்மாவோடு விடப்பட்ட பிள்ளை, குவைத்தில் தாய், கடவுச்சீட்டு வரிசையில் தம்பி. அவை கைகோக்கிற நாளைப் பற்றி எந்த அமைச்சும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

நடுக்காலத்துக்குள்ளேயே சுமையைப் படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பதும் உண்டு. எங்களுக்கு அதையும் செய்தார்கள். நாடு கடனைக் கட்டமுடியாது என்று 2022 ஏப்ரல் 12இல் கைவிரித்தது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. உலை நல்ல சூடு என்று கண்டதும் சுமை ஏற்றத் தொடங்கினார்கள். வற் வரி 8 வீதம் இருந்தது, 2022 ஜூனில் 12, செப்ரெம்பரில் 15, 2024 ஜனவரி 1இல் 18. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் கூடியது, ஆறு மாதம் கழித்து 2023 பெப்ரவரியில் அதற்குமேல் இன்னும் 66 வீதம். அந்த மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் மூன்று பில்லியன் டொலர் கடனுக்குத் தலையாட்டியது. சோதனைக்கூட ஒழுங்கு என்றால் இதுதான் ஒழுங்கு. ஒரு படி ஏற்றி, கல் விழுகிறதா என்று பார்த்து, விழவில்லை என்றால் அடுத்த படி. விழாமல் நின்றதே குற்றமாகிப் போனது. நேற்றுத் தாங்கினாய், ஆகவே நாளைக்கும் தாங்குவாய்.

இந்த இடத்தில்தான் கருத்தரங்குக்காரர்கள் வருகிறார்கள். பதாகை, மதியச் சாப்பாட்டுப் பார்சல், பிரயாணப்படி, முடிவில் குழுப்படம். இரண்டு நாள் தலைப்பு: சமூகத்தின் தாங்குதிறன். சுனாமியைத் தாங்கினீர்கள், யுத்தத்தைத் தாங்கினீர்கள், கொரோனாவைத் தாங்கினீர்கள், விலைவாசியையும் தாங்குகிறீர்கள், நீங்கள் அற்புதமான மக்கள் என்று வெள்ளைச் சேட்டுப் போட்டவர் கண் கலங்கச் சொல்வார். மொழிபெயர்ப்பவரும் கலங்குவார். முன்வரிசையில் இருக்கிற விதவைப் பெண்ணுக்குத் தன் தோளில் யாரோ கைபோட்டது மாதிரி ஒரு கணம் இருக்கும். பிறகு பின்னேர பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

எனக்குப் பாராட்டில் கோபம் இல்லை. கருத்தரங்கு முடிய அவர்கள் எழுதுகிற அறிக்கையில்தான் கோபம். ஒரு கல் எவ்வளவு வளைந்தது என்று எழுதுகிறவன் பக்கத்திலேயே எந்தச் சூட்டில், எந்தப் பாரத்தின் கீழ், எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். அது இல்லாத அறிக்கையை எந்தத் தொழிற்சாலையும் கையால் தொடாது. கந்தளாய் மக்களின் தாங்குதிறன் பற்றிய அறிக்கையில் பாரத்துக்கு ஒரு பந்தி கிடையாது. யார் வைத்தார், எப்போது வைத்தார், இறக்கலாமா, இறக்கக் கேட்டார்களா, ஒன்றும் கிடையாது. சுமை என்பது மழைபோல் ஆகாயத்திலிருந்து இறங்கியதாகவே முதல் பக்கம் தொடங்கும். வைத்தவர்களில் சிலர் பிரதம விருந்தினராக மேடையில் இருக்கும்போது வேறு எப்படி எழுதுவது?

திருகோணமலை மாவட்டத்தின் வடக்குக் கோடியில், புல்மோட்டையில், உண்மையிலேயே வெப்பம் தாங்குகிற பொருள் கரையில் கிடக்கிறது. கறுப்பு மணல். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன், கொஞ்சம் சிலிமனைட். அள்ளிக்கொண்டு போனாலும் வாடைக்காற்றுக் காலத்துக் கடல் திரும்பக் கொண்டுவந்து ஒதுக்கும். கந்தளாயில் வாக்குக் கேட்டவர்களிடம் இல்லாத ஒழுங்கு அந்தக் கடலிடம் இருக்கிறது. சிலிமனைட்டைச் சுட்டால் முல்லைட் வரும். நல்ல உலைக்கல்லின் எலும்பு அது. சிர்க்கோன் உருக்கு வார்க்கிற இடங்களில் தீயோடு நேருக்கு நேர் நிற்கிற சரக்கு. அதிலிருந்து எடுக்கிற சிர்க்கோனியா 2,700 பாகை தாண்டித்தான் உருகும். 1957இல் கனிய மணலுக்கென்று கூட்டுத்தாபனமே வந்துவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் கண்டுபிடித்த தொழில்நுட்பம் என்ன? அள்ளுவது, காந்தத்தால் பிரிப்பது, கேள்விப்பத்திரம் போட்டு விற்பது, கப்பலில் கொட்டுவது. நடுவில் 1997இல் புல்மோட்டைக் கடலில் மணல் ஏற்ற வந்த கப்பலையே தாக்கி, அதில் வந்த சீன மாலுமிகளின் உயிரையும் குடித்தது எங்கள் யுத்தம். யுத்தம் முடிந்தது, பழைய தொழில்நுட்பம் திரும்பவும் ஆரம்பித்தது. அள்ளுவது, விற்பது, கொட்டுவது.

அவுஸ்திரேலியாவுக்கும் இதே மாதிரிக் கடற்கரை உண்டு, இதே மணல் உண்டு. அவர்களும் ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் மணலுக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தையும் வைத்தார்கள். சிர்க்கோனியாவுக்கு ஒரு கெட்ட பழக்கம்: சுட்டு ஆறும்போது அதன் மணிகள் வடிவம் மாறி நூற்றுக்கு நான்கைந்து வீதம் வீங்கும், கட்டி தானே வெடித்துச் சிதறும். மெல்பேர்னில் காவி, ஹனிங்க், பாஸ்கோ என்ற மூவர் அந்தக் கெட்ட பழக்கத்தையே வேலைக்கு அமர்த்தினார்கள். வேறு ஒட்சைட்டுகளைச் சிறிது கலந்து மணிகள் வீங்குவதைத் தடுத்து வைத்தால், வெளியிலிருந்து ஒரு வெடிப்பு ஓடிவருகிற நேரத்தில், அதன் வழியில் நிற்கிற மணி மட்டும் வீங்கும். வீங்கி வெடிப்பின் வாயை நெரித்து மூடும். 1975இல் இதை எழுதி வெளியிட்டபோது பீங்கானில் ஓர் உருக்கா என்று தலைப்பிலேயே கேட்டார்கள். இன்று பல் வைத்தியர் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு மாட்டிவிடுகிற வெள்ளைப் பல் முடி அந்த வம்சம்தான். அதைக் கடைவதற்கான கட்டி வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கள் கரையிலிருந்து கிலோக்கணக்கில் போனது, எங்கள் வாய்க்குள் கிராம் கணக்கில் திரும்பி வருகிறது. பல் இல்லாதவனுக்கு அந்நியச் செலாவணிச் செலவு வேறு. வெப்பம் தாங்கும் மணலைக் கப்பல் ஏற்றிவிட்டு, வெப்பம் தாங்கும் சனத்தை மட்டும் கையிருப்பில் வைத்துக்கொண்டிருக்கிற நாடு இது.

1986இல் ஜப்பானில் பூமிஹிரோ வக்காய் என்பவர் அதே சிர்க்கோனியாவை மிக நுண்ணிய மணிகளாகச் செய்து, 1,450 பாகையில் இழுத்துப் பார்த்தார். உடையவில்லை. தன் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டது. பீங்கான் இழுபடும் என்று அதுவரை யாரும் நம்பியதில்லை. அவர் நம்பவைத்தது பாரத்தையும் சூட்டையும் வேகத்தையும் ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்ததால்.

அதே 1986இல், ஏப்ரல் 20ஆம் திகதி விடியற்புறம், கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. குளக்கோட்டன் கட்டியது என்று எங்கள் பழங்கதை, அக்கபோதி மன்னன் கட்டியது என்று சிங்களவருடைய வரலாறு. யார் கட்டியிருந்தாலும் நூற்றாண்டுகள் தாண்டி நின்ற மண். நித்திரையில் இருந்த ஊர்கள்மேல் தண்ணீர் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், வீடுகளும் வயலும் போயின. கட்டின் மேலால் அளவுக்கு மிஞ்சிய கனரக வாகனங்கள் ஓடியதையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். எத்தனை வாகனம், எத்தனை தொன், யாருடைய அனுமதி? தண்ணீர் எவ்வளவு, வீடு எத்தனை, சவம் எத்தனை என்று எண்ணி எழுதத் தெரிந்த நாட்டுக்கு, பாரம் எவ்வளவு என்று எழுதுகிற கொப்பி மட்டும் அகப்படுவதில்லை. நட்டஈட்டுப் படிவத்திலும் இழந்தவருக்கே பத்துக் கேள்வி. ஏற்றினவருக்கு ஒரு கேள்வியும் இல்லை.

ஆகவே கந்தளாய் ஆய்வுகூடம் முதல் தடவையாகத் தானே ஒரு கேள்விப்பத்திரம் கோருகிறது. தேவையான பொருள்: அமைச்சர், ஒன்று. கிடைக்காவிட்டால் இராஜாங்க அமைச்சர் இரண்டு. குளிர் நிலைச் சான்றிதழ்கள், மேடைப் புகைப்படங்கள், வெளிநாட்டுக் கௌரவப் பட்டங்கள் ஏற்கப்படமாட்டா. மாதிரி, சீனித் தொழிற்சாலைக் குடியிருப்பில் கூரைத் தகரம் உள்ள ஓர் அறையில் வைக்கப்படும். நாட்கூலி. மூன்று பிள்ளைகள், மூன்றும் பள்ளிக்கூடம். அடைவில் தாலிக்கொடி. மின்பட்டியல் சிவப்பு நிறத்தில். வற் வரி 18 வீதம், கழிவு இல்லை. தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம், பாதுகாப்பு அணி, கொழும்பு வீடு ஆகியவை குளிர் பக்கம் எனக் கருதப்பட்டு முதல் நாளே கழற்றி வைக்கப்படும். சோதனை நடக்கும்போது மாதிரியைக் கடற்படைத் தளத்துக்கு இடம் மாற்ற அனுமதி இல்லை. காலம், நடைமுறையில் உள்ளபடி, முப்பது ஆண்டுகள். மாதந்தோறும் வளைவு அளக்கப்படும். அளவுக்கு நேரே பாரமும், பாரம் வைத்தவரின் முழுப்பெயரும், பதவியும் எழுதப்படும். நடுக்காலத்தில் மாதிரி சத்தம் போடாமல் இருந்தால், அதன் தாங்குதிறனைப் பாராட்டி மதியச் சாப்பாட்டோடு ஒரு கருத்தரங்கு நடத்தப்படும்.

விண்ணப்பப் படிவங்களை அலுவலக நாட்களில் பெற்றுக்கொள்ளலாம். இப்போதைக்குச் சிங்களப் படிவம் மட்டுமே உண்டு. தமிழ்ப் படிவம் வேண்டியோர் அடுத்த கிழமை வரவும்.